இரண்டு சொட்டும் ஒரு ஐஸ் பெட்டியும்: போலியோ ஒழிப்பில் சங்கங்களுக்கு என்ன வேலை?

அக்டோபர் 24 வந்தா நம்ம ரோட்டராக்ட் கிளப் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியும். சிவப்பு டீ-ஷர்ட், மெயின் பிளாக் முன்னாடி ஒரு பேனர், செல்ஃபி ஃப்ரேம், ஒரு ஆன்லைன் வினாடி வினா, கலந்துக்கிட்ட எல்லாருக்கும் இ-சான்றிதழ். 2023இல் நான் அந்த பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப, ஒரு முதலாம் ஆண்டுத் தம்பி வந்து கேட்டான்: "அண்ணா, இந்தியாவுலதான் போலியோ போயிடுச்சே, அப்புறம் இதெல்லாம் யாருக்கு?" ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். உண்மையைச் சொன்னா, எனக்கே பதில் தெரியாது. இது அந்தத் தம்பிக்காக எழுதினது. நீங்களும் படிக்கலாம்.

முதல்ல நோயைப் பார்த்துடுவோம். நம்ம பாட்டிகள் இளம்பிள்ளை வாதம்னு சொல்வாங்க. இந்த வைரஸ் மலத்தின் வழியா வெளியே வந்து, தண்ணீர், சாப்பாடு, கழுவாத கை வழியா இன்னொரு குழந்தையின் வாய்க்குள் போய், குடலில் பெருகும். தொற்று வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை காலோ, மூச்சுத் தசையோ நிரந்தரமாகச் செயலிழக்கும். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. ஒரு ஊரில் ஒரு குழந்தைக்குக் கால் விழுந்திருக்குன்னா, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான குழந்தைகளின் குடலில் வைரஸ் இருக்குன்னு அர்த்தம்.

பெரியம்மையை ஒழிச்ச மாதிரி இதை ஒழிக்க முடியாததுக்கு இதுதான் காரணம். பெரியம்மை வந்தவரின் முகத்திலேயே தெரிஞ்சிடும். அவரைச் சுற்றி இருக்கிறவங்களுக்கு மட்டும் தடுப்பூசி போட்டுப் பரவலை நிறுத்தலாம். போலியோவில் யாரைச் சுற்றிப் போடுவீங்க? ஆளே தெரியாது. அதனால ஐந்து வயசுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பக் கொடுக்கணும். நோய் வந்தபின் குணப்படுத்த மருந்தும் கிடையாது.

இப்போ சங்கங்கள் எப்படி உள்ளே வந்தாங்கன்னு பார்ப்போம். போலியோவுக்கு இரண்டு வகைத் தடுப்பு மருந்து உண்டு. ஒன்று 1955இல் வந்த ஜோனஸ் சால்க்கின் ஊசி. இன்னொன்று சில வருஷம் கழித்து வந்த ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்து. ஊசி போடப் பயிற்சி பெற்ற கை வேணும். இரண்டு சொட்டை வாயில் விட அரைமணி நேரப் பயிற்சி போதும். ஜவுளிக்கடை முதலாளி விடலாம், ரிட்டயர்டு வாத்தியார் விடலாம், மூணாம் வருஷம் சிவில் படிக்கிற பையன்கூட விடலாம். மருத்துவம் தெரியாத ஒரு கூட்டம் உலக அளவிலான நோய் ஒழிப்பில் பங்கெடுக்க முடிஞ்சதே இதனாலதான்.

1978-79இல் உலக ரோட்டரியின் தலைவரா இருந்தவர் கிளெம் ரெனூஃப், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கணக்காளர். பெரியம்மை ஒழிப்பைப் பற்றி ஒரு பத்திரிகையில் படிச்சுட்டு, நாமும் ஏதாவது ஒரு நோயை எடுத்துக்கலாமான்னு ஜான் செவர் என்ற அமெரிக்க மருத்துவரிடம் கேட்டார். செவரும் ரோட்டரி உறுப்பினர்தான். ஒன்றே ஒன்றுதான் என்றால் போலியோவை எடுங்க என்பது அவர் சொன்ன யோசனை. 1979 செப்டம்பர் 29 அன்று பிலிப்பைன்ஸின் மகாட்டியில் முதல் சொட்டு விழுந்தது. அந்த நாட்டின் 60 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது இலக்கு. அங்கே கிடைச்ச தைரியத்தில் 1985இல் போலியோ ப்ளஸ் என்ற திட்டத்தை அறிவிச்சாங்க. 12 கோடி டாலர் திரட்டுவோம்னு சொன்னாங்க. 1988இல் கையில் இருந்தது 24.7 கோடி டாலர். நம்ம கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் தேடி அலைஞ்சவங்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

அதே 1988இல்தான் உலக நாடுகள் கூடி போலியோவை ஒழிப்பதுன்னு தீர்மானம் போட்டன. அப்போ 125க்கும் மேற்பட்ட நாடுகளில் நோய் இருந்தது. வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள், அதாவது தினமும் கிட்டத்தட்ட ஆயிரம் பேர், பாதிக்கப்பட்டாங்க. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகிய பெரிய அமைப்புகளோடு, ஒரு சேவைச் சங்கமும் சமமான பங்காளியா உட்கார்ந்தது.

நம்ம நாட்டில் 1995இல் பல்ஸ் போலியோ தொடங்கியது. நீங்க இதைப் படிக்கிற வயசுல இருந்தா, உங்க சுண்டுவிரலிலும் கண்டிப்பா மை வெச்சிருப்பாங்க. வீட்டில் கேட்டுப் பாருங்க. அந்த மை சும்மா அடையாளம் இல்லை. மறுநாள் வீடு வீடாக வருகிற குழு விரலைப் பார்க்கும். எல்லாக் குழந்தைக்கும் போட்டாச்சுன்னா சுவரில் 'பி' என்று எழுதும். ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும் 'எக்ஸ்'. அப்புறம் எக்ஸ் வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போவாங்க. சாக்பீஸில் எழுதின டேட்டாபேஸ்! சர்வர் டவுன் ஆகாது, மழை மட்டும் வரக் கூடாது.

மருந்துக் குப்பியில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கு, இன்ஸ்ட்ருமென்டேஷன் மக்களுக்குப் பிடிக்கும். லேபிளில் ஒரு வட்டம், அதுக்குள்ள வெளிர் நிறத்தில் ஒரு சதுரம். சொட்டு மருந்து சூட்டைத் தாங்காது. குப்பி சூட்டில் இருந்த மொத்த நேரத்துக்கு ஏற்ப அந்தச் சதுரம் கருத்துக்கிட்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடணும். பேட்டரி இல்லை, டிஸ்ப்ளே இல்லை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லலாம். 1996 முதல் இது சொட்டு மருந்துக் குப்பிகளில் இருக்கு.

இவ்வளவு இருந்தும் உத்தரப் பிரதேசமும் பீகாரும் பல வருஷம் வழிக்கு வரலை. 2009இல் உலகம் முழுக்கப் பதிவான 1,604 பாதிப்புகளில் 741 இந்தியாவில். நெரிசல், திறந்தவெளிச் சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு இருக்கிற இடத்தில் ஒரு குழந்தைக்கு மூன்று தவணை போதலை. நம்ம நாட்டுக் குழந்தைகளுக்கு அதிகத் தவணைகள் வேணும்னு வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் ரொம்ப காலமா சொல்லிக்கிட்டிருந்தார். அதனால் மாசாமாசம் கதவைத் தட்டினாங்க. ஜனங்களுக்கு எரிச்சல் வந்தது. 'ரோடு கேட்டா போடல, டாக்டர் கேட்டா வரல, இந்தச் சொட்டு மட்டும் ஏன் தேடித் தேடி வருது?' என்ற கேள்வியில் நியாயம் இல்லைன்னு சொல்ல முடியுமா? கூடவே, இது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து என்ற வதந்தி. அவசரநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடையைப் பார்த்த பகுதிகள் அவை. பயம் எங்கிருந்தோ முளைச்சதில்லை.

இங்கேதான் உள்ளூர்ச் சங்கத்தின் உண்மையான பயன் தெரிஞ்சது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரி சொல்றதை நம்பாத தாய், தெருமுனை மருந்துக் கடைக்காரர் சொன்னா கேட்பார். உ.பி.யில் ரோட்டரி முஸ்லிம் உலமாக்களைச் சேர்த்து ஒரு குழுவே அமைச்சது. மசூதிகளிலிருந்து அறிவிப்பு வந்தது. சொட்டு மருந்தோடு சேர்த்து, காய்ச்சல் சளிக்கு மருந்து தர்ற இலவச முகாம்களும் நடந்தன. 2010இல் பாதிப்பு 42ஆகக் குறைஞ்சது. கடைசி பாதிப்பு 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குச் சான்றிதழ் கிடைச்சது.

ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். நம்ம கிளப் போஸ்டர்களைப் பார்த்தா, சங்கம்தான் போலியோவை ஒழிச்சதுன்னு தோணும். அது சரியில்லை. நடந்து நடந்து செருப்புத் தேஞ்சது அங்கன்வாடி ஊழியர்களுக்கும், ஆஷா பணியாளர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும். பெரும்பாலும் குறைந்த ஊதியம் வாங்குகிற பெண்கள். இந்தியாவில் செலவின் பெரும்பகுதியை ஏற்றது அரசு. சங்கம் செய்தது இடைவெளிகளை அடைச்சது: பணம், வண்டி, பந்தல், மை பேனா, டீ, தெரிஞ்ச முகம். கூடவே, அரசுகள் இதை மறந்துடாம முப்பது நாற்பது வருஷமா நச்சரிச்சுக்கிட்டே இருந்தது. அந்த நச்சரிப்பைத்தான் நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன். ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், பத்திரிகைக்குச் சலிச்சுப் போகும். வாராவாரம் கூடுகிற சங்கம் அடுத்த வாரமும் கூடும்.

இனி தம்பியின் கேள்விக்கு வர்றேன். இயற்கையான போலியோ வைரஸ் இன்னும் இரண்டு நாடுகளில் நிற்காம பரவுது: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். 2023இல் இரண்டிலும் ஆறு ஆறு பாதிப்புகள். 'முடிஞ்சது'ன்னு எல்லாரும் நினைச்சப்ப, 2024இல் பாகிஸ்தானில் 74, ஆப்கானிஸ்தானில் 25. காரணங்களில் பெரியது நம்பிக்கை உடைஞ்சது. பின் லேடனைத் தேட அமெரிக்க உளவுத்துறை அபோட்டாபாத்தில் ஒரு போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது 2011இல் வெளியே வந்தது. அடுத்த வருஷமே சில பகுதிகளில் தாலிபான்கள் முகாம்களுக்குத் தடை போட்டாங்க. மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. இப்பவும் அங்கே போலீஸ் பாதுகாப்போடுதான் பல குழுக்கள் போகுது. அங்குள்ள ரோட்டரிக்காரர்கள் எல்லைச் சாவடிகளிலும் பேருந்து நிலையங்களிலும் மருந்து மையங்களுக்கு உதவுறாங்க. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டித் தர்றாங்க. 'சொட்டு மட்டும் ஏன் வருது' என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். நிறைய குழந்தைகள் மருந்து எடுக்காத ஊரில் அது ஆளாளுக்குத் தாவி, மாதக்கணக்கில் மாற்றம் அடைஞ்சு, மறுபடி நோய் உண்டாக்கும் அளவுக்குப் பலம் பெறலாம். 2022இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவருக்கும், 2024இல் போருக்கு நடுவே காஸாவில் பத்து மாதக் குழந்தைக்கும் வந்தது இப்படிப்பட்ட வைரஸ்தான். இதைக் குறைக்கத் திருத்தி வடிவமைச்ச புதுச் சொட்டு மருந்து 2021 முதல் பயன்பாட்டில் இருக்கு. ஆனால் இரண்டு வகைக்கும் தேவை ஒன்றேதான், யாரும் விடுபடாம இருக்கணும்.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. ஆனாலும் 2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க 43,000க்கும் மேற்பட்ட மையங்களில் சொட்டு மருந்து கொடுத்தாங்க. எங்க கிளப்பிலிருந்து நாலு பேர் பேருந்து நிலைய மையத்தில் உட்கார்ந்தோம். காலையில் நல்ல கூட்டம், நிறைய போட்டோ. நாலு மணிக்குக் கூட்டம் வடிஞ்சதும் சிஸ்டர் ஐஸ் பெட்டியை மூடிக்கிட்டே கேட்டாங்க: "தம்பி, யார்கிட்டயாவது வண்டி இருக்கா? சூளைக்குப் போகணும்."

ஊருக்கு வெளியே செங்கல் சூளை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். எந்த ரேஷன் கார்டிலும், எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலும் பேர் இல்லாத குழந்தைகள். ஊர் ரோட்டரி சங்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் தன் ஆம்னி வண்டியை எடுத்தார். அங்கே ஒடியா தெரிஞ்சவர் எங்களில் ஒருவரும் இல்லை. பத்து வயசுப் பொண்ணு ஒருத்தி சூளையில் கத்துக்கிட்ட தமிழில், எந்தக் குடிசையில் எத்தனை சின்னப் பசங்கன்னு விரல்விட்டுச் சொன்னா. பத்துப் பதினைந்து குழந்தைகள் இருக்கும். தூளியில் தூங்கின ஒரு கைக்குழந்தைக்கு மட்டும் அவங்க அம்மா வேண்டாம்னுட்டாங்க, காய்ச்சல்னு சைகை காட்டினாங்க. சிஸ்டர் வற்புறுத்தலை. நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, நோட்டில் குறிச்சுக்கிட்டு, "நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. மறுநாள் எங்களுக்கு இன்டர்னல்ஸ். சிஸ்டரும் கடைக்காரரும் மட்டும் போனாங்க. போட்டாச்சுன்னு சாயங்காலம் அவர் போனில் சொன்னார்.

அடுத்த முகாம் அறிவிப்பு வந்தா, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு வாரம் முன்னாடியே போய்ப் பேரைக் கொடுங்க. பைக் இருந்தா அதையும் சொல்லுங்க. ஹிந்தி, ஒடியா, வங்காளி தெரிஞ்ச ஹாஸ்டல் நண்பர் இருந்தா கண்டிப்பா கூட்டிக்கிட்டுப் போங்க; கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரைவிடப் பெரிய உதவி இல்லை. ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவாயில்லை. மை காயும் வரை குழந்தை விரலை வாயில் வைக்காம பார்த்துக்க ஒரு ஆள் எப்பவும் தேவைப்படும்.