சிவப்பு விளக்கு எரிந்தால் ஒயரை அறுக்காதீர்!

(நமது விஷ்ராந்த்வாடி நிருபர்)

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரயில்வே உத்தியோகத்தில் எனக்கு வாராந்திர ஓய்வு நாள். ஆளந்தி சாலையில் டீ குடிக்கச் சென்றபோது பக்கத்துப் பட்டறையில் தமிழ்க்குரல் கேட்டது. சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருவர், இருபது வயதைத் தாண்டிய டீசல் லாரியுடன் நின்றிருந்தார். வண்டி சொந்த வண்டி. கடன் இன்னும் தீரவில்லை. இஞ்சின் மெதுவாக ஓடும்போதெல்லாம் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதாம்.

"இந்த லைட்டு பொய் சொல்லுது அண்ணே. ஒயரை அறுத்து விட்டுருங்க, ஊர் போய்ச் சேர்ந்துடுவேன்" என்றார்.

வயதான மெக்கானிக் சிரித்தார். "பொய்யா நிஜமான்னு பார்த்துட்டு அறுக்கலாம் தம்பி" என்றார். அன்று அவர் செய்து காட்டியவை லாரி, வேன் ஓட்டும் நம்மவர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழசும் புதுசும்

பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாடு புனே உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலும், நாடெங்கும் 2017 ஏப்ரலிலும் வந்தது. ஸ்டேஜ் 6 வந்தது 2020 ஏப்ரலில். இவற்றை ஒட்டி லாரிகளில் கம்ப்யூட்டரும் பல சென்சார்களும் புகுந்தன. அந்த வண்டிகளில் கோளாறு பார்க்க ஸ்கேனர் வேண்டும். அதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளிலோ விளக்குக்கு ஒரு சுவிட்ச், ஒரு ஒயர், ஒரு பல்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் இருந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆயில் விளக்கு

சாவியைத் திருப்பியதும் இது எரிய வேண்டும். இஞ்சின் கிளம்பிய சில விநாடிகளில் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் நல்லது என்று எண்ணக்கூடாது. பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம்.

ஓடும்போது எரிந்தால் உடனே இஞ்சினை நிறுத்தி, ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், சாவியை மட்டும் போட்டு, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்ற வேண்டும். அப்போதும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி, பாடியில் படுகிறது என்று பொருள். அணைந்துவிட்டால் ஒயரில் குற்றமில்லை. கோளாறு சுவிட்சிலா, உண்மையாகவே பிரஷர் குறைவா என்பதை, சுவிட்ச் இருந்த துளையில் கேஜ் மாட்டித்தான் அறிய வேண்டும்.

நம் டிரைவரின் வண்டியில் விளக்கு அணைந்தது. கேஜ் மாட்டினால் முள் எழவே தயங்கியது. ஆயில் குச்சியில் அளவு குறையவில்லை, கூடியிருந்தது! முகர்ந்தால் டீசல் வாசனை. இன்ஜெக்டர்கள் ஒழுகி, டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்திருந்தது. விளக்கு சொன்னது நிஜமே.

வெப்ப முள்

சூடு ஏற ஏற வெப்ப சென்சாரின் மின்தடை குறையும். அதன் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் போக வேண்டும். ஒரு கணம் பாடியில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் டயலும் ஒயரும் நலம், சென்சாரையே சந்தேகிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டால், சென்சாருக்குத் தண்ணீர் எட்டாமல், இஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழேயே கிடக்கலாம். ஆகவே காலையில் தண்ணீர் பார்ப்பதை நிறுத்தக்கூடாது. சூட்டோடு மூடியைத் திறப்பது ஆபத்து.

பேட்டரி, பிரேக்

பேட்டரி விளக்கு எரிந்தால் முதலில் பேன் பெல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் சார்ஜ் போவதோடு இஞ்சினும் கொதிக்கும். பல விளக்குகள் சேர்ந்து மங்கலாக மினுக்கினால், பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து முறுக்கிப் பாருங்கள்.

காற்றழுத்த விளக்கோ பஸ்ஸரோ நிற்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. காற்று கசியும் இடத்தைச் சோப்பு நீர் காட்டிக் கொடுக்கும். கம்பாட்கி மலையில் இறங்கும்போது இதைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடைக்காது.

அன்று மாலைக்குள் இன்ஜெக்டர்கள் பம்ப் பட்டறைக்குப் போய்த் திரும்பின. புது ஆயிலும் பில்டரும் ஏறின. இஞ்சின் கிளம்பியதும் விளக்கு அணைந்தது. செலவைப் பார்த்து டிரைவர் பெருமூச்சு விட்டார். "பேரிங் பிடிச்சு கிராங்க் போயிருந்தா லாரியையே வித்திருக்கணும் தம்பி" என்றார் மெக்கானிக்.

அந்த ஒயர் அறுபடாமலே சதாரா சாலை வழியாகச் சங்ககிரிக்குப் புறப்பட்டது.