ஓட்டத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர்

1941ஆம் ஆண்டில், செக் நாட்டின் சிலின் நகரிலிருந்த பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், ஓட்டப் பந்தயமொன்றிற் கலந்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டார். தமக்கு உடல்நலம் போதாதெனச் சொல்லித் தப்பப் பார்த்தார். மருத்துவரோ அவரைச் சோதித்துவிட்டு, குறையொன்றுமில்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடியவர் 100 பேரில் இரண்டாவதாக வந்தார். அவர்தாம் எமில் சாட்டோபெக்.

நூறு பேரில் இரண்டாமவராக வருபவர்கள் எந்த ஊரிலும் உளர். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் என்ன ஆயினர் என்பது எவருக்கும் தெரியாது. சாட்டோபெக் அவ்வாறு மறைந்துபோகாமைக்குக் காரணம், பந்தயத்தின் பின் அவர் மேற்கொண்ட பயிற்சியே.

நெடுந்தூரம் ஓட விரும்புவோர் நெடுந்தூரம் ஓடிப் பழகுதல் இயல்பு. சாட்டோபெக்கின் எண்ணம் வேறு. மெதுவாக ஓடத் தமக்கு ஏற்கனவே தெரியும். கற்கவேண்டியது விரைந்து ஓடுவதையே என அவர் கருதினார். ஆகவே தூரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார். 200 மீற்றர் 5 தடவை, 400 மீற்றர் 20 தடவை, மீண்டும் 200 மீற்றர் 5 தடவை விரைந்தோடுவார்; ஒவ்வொன்றுக்கும் இடையில் நில்லாமல் மெல்லோட்டமாகச் செல்வார். கூட்டிப் பார்த்தால் விரைவோட்டம் மட்டும் 10,000 மீற்றர் ஆகும். பந்தய நாளிற் பிறர் ஒருமுறை ஓடும் தூரம், அவருக்கு அன்றாடக் கடமை. பின்னர் அந்த 20 தடவை 40 ஆகவும் அதற்கு மேலாகவும் வளர்ந்தது. இம்முறையை முதலிற் கண்டவர் அவரல்லர். ஜெர்மனியில் வால்டெமார் கெர்ஷ்லர் 1930களிலேயே இதனைக் கையாண்டார். ஆயினும் இவ்வளவு கடுமையாக இதனைத் தம்முடலிற் சோதித்துப் பார்த்தவர் சாட்டோபெக்கே எனலாம்.

இராணுவத்திற் சேர்ந்த பின்னும் பயிற்சி நிற்கவில்லை. கனத்த இராணுவச் சப்பாத்துகளை அணிந்துகொண்டு பனியில் ஓடினார். பனியில் அத்தகைய பாரத்தோடு பழகிய கால்களுக்கு, பந்தயத் தடத்தில் இலேசான பாதணியோடு ஓடுதல் எளிதாகத் தோன்றுமல்லவா? அழுக்குத் துணிகளைச் சவர்க்கார நீரிலிட்டு, அவற்றின்மேல் நின்ற இடத்திலேயே ஓடித் துவைத்தார் என்றும் சொல்வார்கள். கதையோ உண்மையோ, அவரை அறிந்தவர்கள் அதை நம்பத் தயங்கவில்லை.

ஓடும்போது பார்ப்பதற்கு அவர் அழகாயிருந்தவருமல்லர். தலை ஒருபுறம் சாய, நாக்கு வெளியே நீள, முகம் வேதனையாற் கோணும். பத்திரிகையாளர் பரிகசித்தனர். அழகுக்குப் புள்ளி வழங்கும் போட்டியன்று இது என்பதே அவர் கொண்ட கருத்து.

1948இல் இலண்டனில் 10,000 மீற்றரில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் 5,000 மீற்றரில், கடைசிச் சுற்றிற் பெரும் இடைவெளியைக் கடந்து நெருங்கியும், பெல்ஜிய வீரர் ரீஃபிடம் ஒரு செக்கனின் பத்தில் இரண்டு பங்கால் தோற்றார். நான்காண்டுகளின் பின், 1952இல், ஹெல்சிங்கியில் அவ்விரு ஓட்டங்களையும் வென்றார். 5,000 மீற்றரை வென்ற அதே நாளில் அவருடைய மனைவி டானா ஈட்டியெறிதலிற் தங்கம் பெற்றார்.

மூன்று நாட்களின் பின் மரதன் ஓட்டம். முன்னொருபோதும் அவர் மரதன் ஓடியதில்லை. அவ்வாண்டிலேயே உலகின் மிகச் சிறந்த நேரத்தில் மரதன் ஓடியிருந்த ஆங்கிலேயர் ஜிம் பீற்றர்ஸின் அருகிற் சென்று, இந்த வேகம் சரிதானா என வினவினார். வேகம் போதாது என்றார் பீற்றர்ஸ், எதிரியைக் களைப்படையச் செய்யும் நோக்கத்தோடு. சாட்டோபெக் அச்சொல்லை அப்படியே ஏற்று வேகத்தைக் கூட்டினார்! பீற்றர்ஸ் ஓட்டத்தை முடிக்கவில்லை. சாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3 செக்கனில், அடுத்தவருக்கு இரண்டரை நிமிடம் முன்னதாக முடித்தார். பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக ஓடிச் சேர்த்த பலம் அன்று முழுத் தூரத்துக்கும் போதியதாயிருந்தது.

1956இல் மெல்பேணில் மரதன் ஓட அவர் சென்றபோது, குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. ஆறாவதாக வந்தார். வென்றவர் பிரான்சின் அலன் மிமூன். முந்திய இரு ஒலிம்பிக் விழாக்களில் மூன்று முறை சாட்டோபெக்கின் பின்னால் இரண்டாவதாக வந்தவர். மிமூன் வெற்றிக் களிப்பில் அகன்றுவிடாமல் எல்லைக்கோட்டருகே காத்திருந்தார். களைத்து வந்து சேர்ந்த சாட்டோபெக், தம் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் செலுத்திவிட்டு அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.