ஒரே ஸ்லைடு, இரண்டு முடிவு: மார்பகத் திசுவைப் படிக்கும் கண்களுக்கு ஓயாத பயிற்சி

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ, ஊரார் ‘ஜி.எச்.’ என்று சொல்லும் கோலாலம்பூர் மருத்துவமனையிலோ மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்சி செய்துகொள்ளும் பெண் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்கிறார், தாதியைப் பார்க்கிறார், ஸ்கேன் எடுப்பவரைப் பார்க்கிறார். தம் நோய் இன்னதென்று முடிவு சொல்லப்போகிறவரை மட்டும் அநேகமாகப் பார்ப்பதே இல்லை.

அவர்தான் நோயியல் நிபுணர். விளக்குத்திரி போல மெலிந்த அந்தத் திசுத்துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் அதில் மூன்று நான்கு பங்கு தடிமனுள்ள சீவலாகி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறி, கண்ணாடி ஸ்லைடாக அவர் மேசைக்கு வருகிறது. அறுவையா, கதிர்வீச்சா, வெறும் கண்காணிப்பா என்பதெல்லாம் அவர் எழுதும் சில வரிகளைப் பொறுத்தது.

மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007–2011 அறிக்கையில், வயது வேறுபாட்டைச் சீர்செய்த கணக்கில், லட்சம் பெண்களுக்கு 31.1 ஆக இருந்த விகிதம் 2012–2016இல் 34.1 ஆனது. சீனப் பெண்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்கள் இந்தியப் பெண்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் குடும்பங்களுக்கு இது அயலார் விவகாரம் அல்ல.

இவ்வளவு பாரம் தாங்கும் அந்த முடிவு எவ்வளவு உறுதியானது? 2015இல் அமெரிக்காவில் மருத்துவ ஆய்வாளர் ஜோஆன் எல்மோர் குழு இதை நேரடியாகச் சோதித்தது. எட்டு மாநிலங்களைச் சேர்ந்த 115 நோயியல் நிபுணர்கள், ஆளுக்கு 60 மார்பக ஸ்லைடுகளைப் படித்தார்கள். மூன்று வல்லுநர்கள் கூடிப் பேசி எட்டிய முடிவோடு அவர்கள் பதில்கள் ஒப்பிடப்பட்டன. பரவும் புற்றுநோயில் 96 விழுக்காடு ஒத்துப்போனது. அது பெரிய ஆறுதல். ஆனால் ‘அட்டிப்பியா’ எனப்படும் இடைநிலை மாற்றங்களில் ஒற்றுமை 48 விழுக்காடுதான். 35 விழுக்காடு பதில்கள் நோயைக் குறைத்து மதிப்பிட்டன, 17 விழுக்காடு மிகைப்படுத்தின. வாரத்தில் குறைவான மார்பக ஸ்லைடுகளைப் பார்ப்பவர்களிடம் முரண்பாடு கூடுதலாக இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு ஸ்லைடு மட்டுமே தரப்பட்ட சோதனை இது. அன்றாட வேலையில் கூடுதல் சீவல்களும் கூடுதல் சாயங்களும் கேட்டுப் பெறலாம். அப்படியிருந்தும் அந்த 48ஐ எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் குழப்பத்துக்குப் பயிற்சி மருந்தாகுமா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே நல்ல விடை கிடைத்திருந்தது. 1991இல் நோயியல் நிபுணர் ஹுவான் ரோசாய், எல்லைக்கோட்டில் நிற்கும் 17 மார்பக மாதிரிகளைப் பேர்பெற்ற ஐந்து நிபுணர்களிடம் காட்டினார். அவரவர் வழக்கமான அளவுகோலைக் கொண்டே படித்தார்கள். ஒன்றில்கூட ஐவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. மறு ஆண்டு இன்னொரு நோயியல் நிபுணரான ஸ்டூவர்ட் ஷ்னிட்டின் குழு ஆறு நிபுணர்களுக்கு முதலில் பொதுவான அளவுகோல்களையும் மாதிரி ஸ்லைடுகளையும் கொடுத்துவிட்டு, 24 மாதிரிகளைப் படிக்கச் சொன்னது. 14இல் ஆறு பேரும் ஒன்றுபட்டார்கள். இரண்டு ஆய்வுகளின் மாதிரிகள் வேறு என்றாலும், ஒரே அளவுகோலில் பழகிய கண்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்பது தெளிவு.

மார்பகத் திசுவில் ஏன் இவ்வளவு சிக்கல்? பால் நாளத்துக்குள் செல்கள் இயல்பு மீறிப் பெருகும் நிலைக்கும், நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோய்க்கும் தோற்றத்தில் நூலிழை வேறுபாடுதான். வீரியம் குறைந்த வகையில் அந்த மாற்றம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, இரண்டு நாளங்களையாவது முழுதாக நிரப்புகிறதா என்றெல்லாம் அளந்து பார்த்துப் பெயர் சூட்டுகிறார்கள். நாளத்தைச் சுற்றி வேலி கட்டும் மையோஎபிதீலியல் செல்கள் இருந்தால் நோய் வெளியே பரவவில்லை என்பது பாடநூல் விதி. ஆனால் மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்ற அரிய மாற்றத்தில் அந்த வேலியே இருக்காது, இருந்தும் அது தீங்கற்றது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே புற்றுநோய் என்று எழுதிவிடக்கூடும். கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சியோ கையில் தடவினாலும் ஸ்கேனில் பார்த்தாலும் புற்றுநோய் போலவே பயமுறுத்தும். காசநோய் இன்னும் இருக்கிற மலேசியா, இந்தியா போன்ற நாடுகளில், அது காசநோய் இல்லை என்பதையும் உறுதி செய்தாக வேண்டும்.

பக்கத்து நாட்டில் நடந்த ஒரு பணி இங்கே சொல்லத்தக்கது. சாதாரண ஃபைப்ரோஅடினோமா கட்டியையும் அதே சாயலில் வளரும் ஃபிலோடிஸ் கட்டியையும் பிரிப்பது, குறிப்பாக ஊசி பயாப்சியில், நிபுணர்களுக்குத் தீராத தலைவலி. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் நோயியல் நிபுணர் டான் புவாய் ஹூன் தலைமையிலான குழு 605 ஃபிலோடிஸ் கட்டிகளைத் திரும்ப ஆராய்ந்து, கட்டி மறுபடி வருமா என்பதைக் கணிக்கும் அளவீட்டை 2012இல் வெளியிட்டது. செல்களின் உருமாற்றம், பிளவுறும் வேகம், இணைப்புத் திசுவின் மிகை வளர்ச்சி, வெட்டிய ஓரத்தின் நிலை என்ற நான்கே கூறுகள் போதும். நம் வட்டாரப் பெண்களின் திசுக்களிலிருந்து பிறந்த பாடம் இது. கோலாலம்பூரில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கற்றுக்கொள்ள இடமில்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் நோயியலில் முதுநிலைப் பயிற்சி தருகின்றன. மலேசிய மருத்துவக் கழகத்தின் நோயியல் கல்லூரி, 1978இல் தொடங்கிய ஆய்விதழை இன்றும் நடத்துகிறது. தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க மருத்துவர்கள் தொடர்கல்விப் புள்ளிகள் 20 காட்ட வேண்டும்.

ஆனால் அரங்கில் அமர்ந்து உரை கேட்டாலும் புள்ளி கிடைத்துவிடுகிறது. மார்பகத் திசுவுக்கு அது போதாது. நிபுணர் ஸ்லைடைத் தாமே பார்த்து, தம் முடிவை எழுதிக் கொடுத்து, அதன்பிறகே மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிய வேண்டும். தாம் எங்கே, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கும். பிரிட்டனின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் ஒரே தொகுதி ஸ்லைடுகளை நாடெங்கும் சுற்றுக்கு விட்டு இதைத்தான் செய்கிறது. மலேசிய ஆய்வகங்கள் பலவும் ஆஸ்திரேலிய நோயியல் கல்லூரியின் தரச்சோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. ஸ்லைடுகளை முழுமையாக ஸ்கேன் செய்து கணினியில் பார்க்க முடிகிற இந்நாளில், கிள்ளானில் இருப்பவரும் கோலாலம்பூரில் இருப்பவரும் ஒரே திசுவை ஒரே நேரத்தில் பார்த்து விவாதிப்பதற்குத் தொலைவு தடையில்லை.

இதையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை கனடா பட்டுணர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்து மாநிலத்தில் 1997 முதல் 2005 வரை செய்த, ஹார்மோன் மருந்து பலன் தருமா என்று காட்டும் ஏற்பிச் சோதனைகளை டொரொன்டோவில் மறுபடி செய்தபோது, ஏறக்குறைய 400 மார்பகப் புற்றுநோயாளிகளின் முடிவு தவறு என்று தெரிந்தது. ஹார்மோன் மருந்து பயன் தந்திருக்கக்கூடிய பெண்களுக்கு அது உரிய காலத்தில் எட்டவில்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் ஆணையம் 2009இல் தந்த அறிக்கை, தரக் கண்காணிப்பு சரிவர இல்லாததை வெட்டவெளிச்சமாக்கியது.

எல்மோர் குழு 2016இல் இன்னொரு கணக்கும் தந்தது. ஒவ்வொரு பயாப்சிக்கும் இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேட்டால், தவறான வகைப்படுத்தல் 24.7 விழுக்காட்டிலிருந்து 18.1 ஆகக் குறையும். முழுத் தீர்வல்ல, ஆனாலும் அந்தக் குறைவுக்குள் இருப்பவர்கள் பெண்கள்.

எனவே உங்கள் அறிக்கையிலோ உங்கள் அம்மாவின் அறிக்கையிலோ ‘அட்டிப்பியா’, ‘பாப்பில்லரி’, ‘ஃபிலோடிஸ்’ போன்ற சொற்கள் இருந்தால், இதை இன்னொரு நிபுணர் பார்த்தாரா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மேமோகிராம் சந்தேகம் காட்டி, பயாப்சி ஒன்றுமில்லை என்றால், இரண்டும் பொருந்துகின்றனவா என்றும் கேளுங்கள். மெழுகுக் கட்டியும் ஸ்லைடுகளும் ஆய்வகத்தில் பத்திரமாகவே இருக்கும். வேறொரு மருத்துவமனையில் மறுபார்வைக்கு அவற்றைக் கேட்டுப் பெறலாம். அப்படிக் கேட்பதை எந்த நல்ல நிபுணரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.