களத்தடுப்பாளர் முகக்கவசம் (சாப்ட்பால்)

களத்தடுப்பாளர் முகக்கவசம் என்பது சாப்ட்பால் விளையாட்டில் களத்தடுப்பில் நிற்பவர்கள், பந்து தாக்காமல் முகத்தைக் காத்துக்கொள்ள அணியும் கருவியாகும். இது நெற்றி, கண், மூக்கு, கன்னம், பல், தாடை ஆகியவற்றைக் காக்கிறது. மட்டையாளருக்குப் பின்னால் அமரும் கேட்சருக்கு முகமூடியும், மட்டையாளருக்குத் தலைக்கவசமும் விதிப்படி தேவை. ஆனால் களத்தடுப்பாளரின் முகக்கவசம் பெரும்பாலான போட்டிகளில் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால்தான், அதை அணிய வேண்டுமா, வேண்டாமா என்பதில் வீரர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் ஆகியோரிடையே மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன.

பெயரும் பந்தும்

சாப்ட்பால் 1887 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்க விளையாட்டாகத் தோன்றியது. ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்துபோல் கட்டி, அதைத் துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடச் செய்தார். அந்தப் பந்து உண்மையிலேயே மென்மையானது. 1926 இல் வால்டர் ஹகன்சன் முன்மொழிந்த 'சாப்ட்பால்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பந்து அப்படியே நிலைக்கவில்லை. இன்று வேகமாக எறிந்து ஆடும் சாப்ட்பாலில் பயன்படும் பந்து, பாலியூரித்தேன் போன்ற இறுகிய உள்ளீட்டின் மேல் தோலோ செயற்கைத் தோலோ வைத்துத் தைக்கப்பட்டது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 30.5 செ.மீ.; எடை ஏறத்தாழ 178 முதல் 198 கிராம் வரை. ஆடவர் கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம்தான். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமைத் தொடுவதில்லை. அதாவது 'மென்பந்து' என்று பெயர் பெற்ற பந்து, கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது. டென்னிஸ் பந்தைப் போல மூன்று மடங்கு எடை உள்ளது.

தமிழில் இப்பெயர் இன்னொரு குழப்பத்தையும் தருகிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் 'மென்பந்து' என்றால் பெரும்பாலும் டென்னிஸ் பந்து கொண்டு ஆடும் கிரிக்கெட்டையே குறிக்கும். ஆகவே இக்கட்டுரையில் சாப்ட்பால் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்

சாப்ட்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் களத்தடுப்பில் நிற்பர். இவர்களுள் வெளிக்களத்தில் நிற்கும் மூவருக்குப் பந்தைப் பார்த்து நகர நேரம் உண்டு. உள்களத்தில் நிற்பவர்களுக்கு அந்த நேரம் குறைவு. பேஸ்களுக்கு இடையிலான தூரம் 60 அடி (சுமார் 18.3 மீட்டர்). பெண்கள் ஆட்டத்தில் பந்தெறியும் பிட்சர் 43 அடி (சுமார் 13.1 மீட்டர்) தொலைவிலிருந்து எறிகிறார். எறியும்போது ஓரடி எடுத்து வைத்து முன்னே வருவதால், எறிந்து முடிக்கையில் மட்டையாளருக்கு இன்னும் அருகில் இருப்பார். மட்டையாளர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப்போகிறார் என்று தெரிந்தால், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்பவர்களும் பேஸை விட்டு முன்னேறி வந்து நிற்பார்கள்.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அடிபட்ட பந்து மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால்:

- 18.3 மீட்டர் தொலைவில் நிற்பவரை அடைய ஏறத்தாழ 0.60 நொடி ஆகும்.
- முன்னேறி வந்து 12 மீட்டர் தொலைவில் நிற்பவரை அடைய ஏறத்தாழ 0.39 நொடி ஆகும்.

கண்ணால் கண்ட ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்கவே மனிதருக்கு 0.20 முதல் 0.25 நொடி வரை தேவைப்படுகிறது. எனவே 12 மீட்டரில் நிற்பவருக்குக் கையுறையை முகத்துக்கு நேரே தூக்க 0.15 நொடி அளவே மிஞ்சும். பந்து தரையில் பட்டு, சிறு கல்லிலோ மேட்டிலோ மோதித் திசை மாறினால் அதுவும் மிஞ்சாது. இதில் திறமைக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிற்சியால் கையைச் சரியான இடத்தில் முன்கூட்டியே வைத்திருக்கலாம். மூளைக்குச் செய்தி போய்ச் சேரும் நேரத்தைப் பெரிதாகச் சுருக்க முடியாது.

அமைப்பு

களத்தடுப்பாளர் முகக்கவசம் இருவகைப்படும். ஒன்று எஃகு அல்லது அலுமினியக் கம்பிகளால் ஆன கூண்டு வகை. மற்றொன்று பாலிகார்பனேட் போன்ற உறுதியான ஒளிபுகும் நெகிழியால் ஆனது. இரண்டிலும் நெற்றியிலும் தாடையிலும் மெத்தைகள் இருக்கும். தாக்கத்தின் விசையை மெல்லிய மூக்கெலும்பும் கண்குழியும் தாங்காமல், நெற்றியும் தாடையும் பகிர்ந்துகொள்ளும்படி இவை அமைகின்றன. தலைக்குப் பின்னால் மீள்நாடா கொண்டு இறுக்கலாம். நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்காகப் பின்புறம் இடைவெளி விட்டும் செய்கிறார்கள்.

இக்கவசம் முகத்தையே காக்கும். உச்சந்தலை, பொட்டு, பின்மண்டை ஆகியவற்றை இது காக்காது. அதனால் இதைத் தலைக்கவசத்துக்கு மாற்றாகக் கருதக் கூடாது.

அணியத் தயங்குவதற்கான காரணங்கள்

முகக்கவசத்தை மறுப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் இவை:

- பார்வை மறைகிறது. காலடியில் உருண்டு வரும் பந்தைப் பார்க்கும்போது கவசத்தின் கீழ்க்கம்பி குறுக்கே வருகிறது. இது ஓரளவு உண்மை. முகத்துக்குப் பொருந்தாத அளவில் அணிந்தால் இத்தொல்லை அதிகமாகும். சில வாரங்கள் பயிற்சியிலும் அணிந்து பழகியவர்களுக்குப் பெரும்பாலும் இது உறைப்பதில்லை.
- வியர்க்கிறது. வெப்ப நாடுகளில் இக்காரணம் தள்ளத்தக்கதன்று. கூண்டு வகையில் காற்று எளிதாக நுழையும். நெகிழி வகையில் வியர்வையால் பார்வை மங்கலாம்.
- அசட்டுத் துணிச்சல் வரும். கவசம் இருக்கிறது என்ற எண்ணத்தில் மாணவர்கள் கையுறையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்காமல் விடுவார்கள் என்று பயிற்சியாளர் சிலர் அஞ்சுகின்றனர். மறுபக்கம், பந்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தொடக்கநிலை மாணவி கவசம் அணிந்தபின் பந்தை நேரே பார்க்கத் துணிகிறாள் என்று கூறுவோரும் உண்டு. பந்திலிருந்து கண்ணை எடுப்பது அடிபடுவதற்கு ஒரு காரணம் என்பதால் இவ்வாதம் வலுவானது.
- செலவு. பள்ளியின் விளையாட்டு நிதியில் முதலில் பந்து, மட்டை, கையுறைகள் வாங்க வேண்டியிருக்கும். கட்டாயமில்லாத பொருள் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.
- அச்சத்தின் அடையாளம். 'பயந்தாங்கொள்ளி' என்ற கேலிக்கு அஞ்சியே பலர் கழற்றி வைக்கின்றனர். 'நாங்கள் ஆடியபோது இதெல்லாம் இல்லை' என்ற மூத்தவர்களின் பேச்சும் இதோடு சேர்ந்தது.

முதல் நான்கு காரணங்களுக்கு நல்ல பொருத்தம், பயிற்சி, பொதுவில் வாங்கிப் பகிர்தல் ஆகியவற்றால் தீர்வு காணலாம். ஐந்தாவது காரணம் கவசத்தைப் பற்றியதே அன்று. பிறர் என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றியது. விளையாட்டு வரலாற்றில் இதுவே கடக்க அரிய தடையாக இருந்துள்ளது.

பிற விளையாட்டுகளின் அனுபவம்

பனி ஹாக்கியில் கோல் காப்பவர்கள் நெடுங்காலம் வெறும் முகத்துடனேயே நின்றனர். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் மாண்ட்ரியல் அணியின் ஜாக் பிளாண்ட் முகத்தில் அடிபட்டார். தையல் போட்டுக்கொண்டு திரும்பிய அவர், முகமூடி அணியாமல் களம் இறங்க மறுத்தார். பயிற்சியாளருக்கு அதில் விருப்பமில்லை. வேறு வழியின்றி இசைந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குள் முகமூடி இல்லாத கோல் காப்பாளரே அவ்விளையாட்டின் முதன்மைப் போட்டிகளில் இல்லை என்றாயிற்று.

இந்தியருக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு கிரிக்கெட்டின் ஷார்ட் லெக் களத்தடுப்பாகும். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், தமிழ்நாட்டின் வெங்கட்ராகவன் ஆகிய சுழற்பந்து வீச்சாளர்களின் காலத்தில், ஏக்நாத் சோல்கர் தலைக்கவசம் இன்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்றார். 27 தேர்வுப் போட்டிகளில் 53 பிடிகளைப் பிடித்தார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால் அவர் அப்படி நின்றதைக் காட்டி, அந்த இடம் ஆபத்தற்றது என்று முடிவுகட்ட முடியாது.

1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் நடந்த ஒரு கழகப் போட்டியில், இந்தியாவுக்காக 4 தேர்வுப் போட்டிகளிலும் 32 ஒருநாள் போட்டிகளிலும் ஆடிய ராமன் லம்பா ஷார்ட் லெக்கில் வந்து நின்றார். தலைக்கவசம் வேண்டுமா என்று கேட்கப்பட்டது. ஓவர் முடிய மூன்று பந்துகளே இருந்தன. அதனால் அவர் வேண்டாம் என்றார். அடுத்து மட்டையாளர் வேகமாக அடித்த பந்து லம்பாவின் தலையைத் தாக்கி, விக்கெட் கீப்பரிடம் திரும்பிச் சென்றது. அவர் தாமே நடந்து களத்தை விட்டு வெளியேறினார். பின்னர் நினைவிழந்து, பிப்ரவரி 23 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

லம்பா தலைக்கவசத்தை வெறுத்தவர் அல்லர். விளையாட்டு தெரியாதவரும் அல்லர். 'கொஞ்ச நேரம்தானே' என்பதே அவரது முடிவுக்குக் காரணம். பாதுகாப்புக் கருவிகள் குறித்த மனப்பாங்கை ஆராய்வோருக்கு இந்நிகழ்ச்சி தரும் பாடம் இதுவே.

2012 இல் இங்கிலாந்தின் டான்டன் நகரில், தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரின் இடக்கண்ணை ஸ்டம்பிலிருந்து தெறித்த பெயில் தாக்கியது. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மறுநாளே அவர் ஓய்வை அறிவிக்க நேர்ந்தது.

விதிகள்

விதி மாறும்போது மனப்பாங்கும் மாறுகிறது. முன்பு கிரிக்கெட்டில், களத்தடுப்பாளர் அணிந்திருந்த தலைக்கவசத்தில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தால் மட்டையாளர் ஆட்டமிழந்ததாகக் கொள்ளப்படவில்லை. 2017 இல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு அதை மாற்றி, அத்தகைய பிடியும் செல்லும் என்றது. 2023 ஜூன் 1 முதல் பன்னாட்டு கிரிக்கெட் அவை மூன்று நிலைகளில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது: வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பர், மட்டையாளருக்கு முன்புறம் மிக அருகில் நிற்கும் களத்தடுப்பாளர்.

சாப்ட்பாலில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் 2006 முதல் மட்டையாளரின் தலைக்கவசத்தில் முகக்கம்பி கட்டாயமாயிற்று. களத்தடுப்பாளருக்கு அத்தகைய பொதுக் கட்டாயம் இல்லை. ஆனால் அணிவதற்குத் தடையும் இல்லை. எனினும் அங்கு பிட்சர்களும் முதல், மூன்றாம் பேஸ்களில் நிற்பவர்களும் முகக்கவசத்துடன் ஆடுவது இப்போது இயல்பான காட்சியாகிவிட்டது.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் சாப்ட்பால், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலும் இடம்பெறுகிறது. ஆனால் அவிநாசி, திருப்பூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் முதலில் பழகுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டே. அந்தப் பந்து முகத்தில் பட்டால் வலிக்கும். சற்று நேரத்தில் சரியாகிவிடும். அந்த அனுபவத்தோடு சாப்ட்பாலுக்கு வரும் மாணவர், பெயரையும் கேட்டு, இதையும் அதே கணக்கில் வைத்துவிடுகிறார். மூன்று மடங்கு எடையுள்ள பந்து அது என்பதை முதல் நாளே கையில் கொடுத்து உணர்த்துவது உடற்கல்வி ஆசிரியரின் கடமையாகும்.

இவ்வட்டாரத்தில் பாதுகாப்புக் கருவியும் தயக்கமும் புதியவை அல்ல. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்து பைசினோசிஸ் என்னும் நோயைத் தரும் என்பது அறியப்பட்டிருந்தும், நூற்பாலையில் மூக்கை மூட வேண்டிய துணி தாடைக்குக் கீழே தொங்குவதுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையையொட்டி, 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இருசக்கர வாகனத்தில் செல்வோருக்குத் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. அதன் பிறகும் 'பக்கத்துத் தெரு வரைக்கும்தானே' என்று அதை வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போவோர் உள்ளனர். 'மூன்று பந்துதானே' என்பதும் இதுவும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள்.

தேர்வும் பயன்பாடும்

- தலையை வேகமாக அசைத்தாலும் நழுவாத, கண்ணுக்கு நேரே கம்பி வராத அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
- போட்டியில் மட்டும் அணியாமல் பயிற்சியிலும் அணிய வேண்டும்.
- விரிசல் விட்ட நெகிழியையும் வளைந்த கம்பியையும் நிமிர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.
- பலர் பகிர்ந்து அணியும் கவசத்தின் மெத்தைகளை ஒவ்வொரு நாளும் துடைத்து உலர்த்த வேண்டும்.
- எல்லோருக்கும் வாங்க இயலாத பள்ளி, பிட்சர், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் வாங்கி, அங்கு நிற்பவர் எவராயினும் அணிய வேண்டும் என்று வழக்கப்படுத்தலாம். எல்லோரும் முறை வந்தால் அணிவார்கள் என்றானபின் கேலிக்கு இடமில்லை.

முகத்தில் அடிபட்டவரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம், மங்கலான பார்வை, தூக்கக் கலக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதலில் நன்றாக நடந்து பேசுபவருக்கும் பின்னர் நிலை மோசமாகலாம் என்பதால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நிலைப்பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடைந்தால் அதை மீண்டும் பொருத்த வாய்ப்பு உண்டு.