அலமாரியில் தொடங்கிய வேலை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 1996-இல் அதன் அவசர சிகிச்சைப் பிரிவைக் கவனித்து வந்த செவிலியர் எரின் ரீலிக்கு ஓயாத தலைவலி ஒன்று. ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் எந்நேரமும் அதனதன் தட்டில் நிறைந்திருக்க வேண்டும். அவற்றை அடுக்கும் வேலைக்கு வருகிறவர்களோ நிலைப்பதில்லை.

அதே மருத்துவமனைக்கு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் ஏராளமாக வந்துபோகிறார்கள். நோயாளியாக வருகிறவர் ஊழியராக வரக்கூடாதா? ரீலி, சூசி ரட்கோவ்ஸ்கி என்ற சிறப்புக் கல்வியாளருடன் கைகோத்தார். இன்று பல நாடுகளில், நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கும் 'பிராஜெக்ட் சர்ச்' திட்டம் அப்படித்தான் பிறந்தது.

அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதுதான் பழைய வழக்கம். பலருக்குப் பயிற்சியே வருடக்கணக்கில் நீண்டது. வேலை வரவே இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவது இவர்களில் பலருக்குச் சிரமம் என்பதும் ஒரு காரணம். வகுப்பில் விளையாட்டுக் காசை எண்ணிச் சரியாகச் சில்லறை தருகிற பையன், கடையில் பின்னால் நாலு பேர் நெருக்கும்போது திணறிப்போகலாம்.

பிராஜெக்ட் சர்ச் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டு முழுவதும் மாணவருக்குப் பணியிடமே பள்ளி. காலையில் அங்கேயே ஓர் அறையில் சிறிது நேரம் வகுப்பு. பிறகு வேலை. ஏறத்தாழ 10 வாரத்துக்கு ஒரு பிரிவு என, ஆண்டில் 3 பிரிவுகளில் பழகுகிறார்கள்.

கற்றுத்தரும் விதத்தில் மந்திரம் ஏதுமில்லை. 'தட்டை நிரப்பு' என்று மொத்தமாகச் சொல்வதில்லை. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கிறார்கள். தட்டின் முகப்பில் பொருளின் படம், பக்கத்தில் எத்தனை இருக்க வேண்டும் என்ற எண். படத்தைப் பார், எண்ணு, குறைந்ததை வை, அடுத்த தட்டுக்குப் போ. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் இதைச் செய்துவிடலாம். இப்படி ஒட்டிய படங்கள் அவசரத்தில் ஓடிவரும் செவிலியருக்கும் உதவும்.

பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் மெல்ல மெல்ல விலகுவதும் பாடத்தில் அடக்கம். பேருந்துப் பயணமும் அப்படியே: முதலில் அருகில் உட்கார்ந்து வருவார், பிறகு நாலு இருக்கை தள்ளி, கடைசியில் நிறுத்தத்தில் காத்திருப்பார். அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் உள்ளே வருகிறார்கள். உணவறையில் இடம் பிடித்து வைக்கும் சக ஊழியர், முகம் தெரிந்த நடத்துநர், "நேற்று ஏன் வரலை?" என்று கேட்கும் காவலாளி. அதுவரை வீடு, பள்ளி என்று இரண்டே இடம் அறிந்த இளைஞருக்குச் சம்பளத்தைப் போலவே இந்த அறிமுகங்களும் புதிது.

சம்பளத்திலும் சலுகை கிடையாது. வாரம் 16 மணி நேரமாவது வேலை, அதே வேலைக்கு மற்றவர் வாங்கும் கூலி, மற்றவர்களோடு சேர்ந்தே பணி: இதுதான் திட்டத்தின் இலக்கு.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து. ஒதுக்கீடு நாற்காலியைக் காட்டிவிடும். முதல் சில மாதம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, படம் ஒட்டி, படி பிரித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே. அது தனிச் செலவு, தனித் தொழில்.

சின்சினாட்டியில் ரீலி தேடியதும் அப்படி ஓர் ஏற்பாட்டைத்தான். பயிற்றுநரின் வேலை முடிந்ததா என்பதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். தட்டில் கையுறை தீர்ந்ததும் செவிலியர் பயிற்றுநரைத் தேடுகிறாரா, அந்த இளைஞரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனித்தால் போதும்.