உங்களுக்குத் தெரியுமா? சொத்தையைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

பல் மருத்துவரிடம் போனால் கவனியுங்கள்: அவர் பல்லின் மேல் காற்றடித்து உலர்த்துவார். எச்சில் ஈரத்தில் தெரியாத வெண்புள்ளி அப்போது பளிச்சென்று தெரியும். தாது கரைந்த எனாமலின் நுண்துளைகளில் நீர் போய்க் காற்று புகுந்ததும், அது ஒளியைச் சிதறடிக்கிறது. குழி விழுமுன்பே சொத்தையைப் பிடிக்க, செலவே இல்லாத அருமையான வழி இது.

லேசர் கருவிகளும் உண்டு. 1998-இல் வந்த டயக்னோடென்ட், 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். சொத்தையில் பாக்டீரியா விட்டுவைத்த போர்ஃபைரின் என்னும் நிறமிகள் அதில் ஒளிரும். அந்த ஒளிர்வைக் கருவி 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும். 404 நானோமீட்டர் ஊதா ஒளியில் நல்ல பல் நீலப்பச்சையாக ஒளிர, சொத்தையில் சிவப்பும் சேர்வதைத் திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

இக்கருவிகளில் எக்ஸ்ரே கதிர் இல்லாததால் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் காபி, வெற்றிலைக் கறையோ பற்காரையோ இருந்தால் எண் பொய்யாக ஏறிவிடும். பல்லைச் சுத்தம் செய்தபின் அளப்பதே சரி. எண்ணை மட்டும் நம்பித் துளையிடக் கூடாது.