எண் இல்லாத காத்திருப்பு

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று ஒரு தாய் கவலையுற்றால், நம் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களில் அவளுக்குக் கிடைக்கும் முதல் விடை இதுதான்: “வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். இரண்டுக்கும் நடுவில் குழந்தை திணறுகிறது, பொறுத்திரு.” பாட்டி சொல்வார், அண்டை வீட்டார் சொல்வர், மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் சொல்லவும் கேட்டிருக்கிறோம். இதில் உண்மை இல்லை. இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை; அது உள்ள குழந்தைக்கும் இரு மொழியால் கேடில்லை என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமையும், வேண்டிய பொருளை விரலால் சுட்டாமையும் எந்த மொழியையும் சார்ந்தவை அல்லவே! ஆயினும் ‘பொறுத்திரு’ என்னும் ஒரு சொல்லில் பல வீடுகளில் ஓராண்டு கழிந்துவிடுகிறது. மூளை விரைந்து வளரும் பருவத்தின் ஓராண்டு அது.

அதன் பின்னரே அரசாங்கத்தின் தாமதம் தொடங்குகிறது.

ஏட்டளவில் குறை அதிகமில்லை. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்னும் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசமாகச் சோதிக்கச் சொல்கிறது. ஆட்டிசம், கவனக்குறைவு, மிகை இயக்கம் ஆகியனவும் அதன் பட்டியலில் உள்ளன. ஐயமுள்ள பிள்ளையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். நமக்கு அது காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில். ஆட்டிசத்தை அளக்க 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றும் உண்டு; மதிப்பெண் 70-ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்வர். இதற்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டா. பயிற்சி பெற்ற ஒருவரும் அமைதியான ஓர் அறையும் போதும். அந்த ஒருவர்தாம் அரிது. செவிச் சோதனைக்கு ஒரு நாள், குழந்தை மருத்துவருக்கு ஒரு நாள், உளவியலாளருக்கு வேறொரு நாள். மூட்டை சுமக்கும் தந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், தாயாருக்கு மலையாளம் கேட்டால் விளங்கும். மனத்திலுள்ளதைச் சொல்ல வராது. கேட்ட வினாவுக்கெல்லாம் தலையசைத்தார். அசைத்ததெல்லாம் ‘ஆம்’ என்று பதிவாயிற்று. விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகவே, மறுபடியும் வரச் சொல்லி அனுப்பிவிட்டனர். எப்போது என்று சொல்லவில்லை.

இரயில் நிலையத்தில் இடமில்லாத பயணிக்கும் காத்திருப்போர் பட்டியலில் ஓர் எண் கொடுக்கிறோம். அது குறைவதைக் கண்டு அவர் தம் ஏற்பாட்டைச் செய்துகொள்வார். நோயறிய வந்த குழந்தைக்கு அந்த எண்கூடக் கிடையாதா? வளமிக்க இங்கிலாந்திலும் 2024-இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆட்டிசச் சோதனைக்குக் காத்திருந்தனர்; மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற நெறி அங்கே எழுத்தில்தான் நிற்கிறது. எனினும் காத்திருப்போரை எண்ணியாவது வெளியிடுகின்றனர்.

சான்றிதழ் வேறு கதை. விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் தரவேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டு விதி. 2024-இல் அதனை மூன்று மாதமாக்கினர். ஆளைக் கூட்டுவதற்குப் பதில் மாதத்தைக் கூட்டிவிட்டார்கள்! கவனக்குறைவும் மிகை இயக்கமும் மட்டும் உள்ள பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, இது இல்லை. முகவரிச் சான்று இன்னும் திருநெல்வேலியில் இருக்கிறதே என்று தயங்குவோர் ஒன்றை அறிக: பிள்ளை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க அவ்விதி இடம் தந்துள்ளது. பேச்சுப் பயிற்சியைத் தொடங்கவோ சான்றிதழ் வேண்டியதே இல்லை.

ஆகவே, பிள்ளையின் நடத்தையை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவமனைக்குத் தனியே செல்லவேண்டா. தமிழும் மலையாளமும் நன்கறிந்த அன்பர்கள், மாதத்தில் ஒரு நாள் தாய்மாருடன் படகேறத் தயாராயின், சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.